கதவு பிடிக்கிறவள்

சிவப்புக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வகுப்பாசிரியை திருமதி பெல்டன் கட்டம் கட்டி எழுதியிருந்தார்: "வீட்டுக்குப் போகும் நேரத்தில் குழந்தைகள் சொல்வதைக் கேட்காதீர்கள். மாமா வருவார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருவார், இன்றைக்கு எனக்கு பஸ் இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கதவருகே இருக்கும் அட்டையைப் பாருங்கள். பெயர் எழுதிய கிளிப் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் சரி."

ரொவீனா ஹால்வர்சன் அதை இரண்டு தடவை படித்துக்கொண்டாள். மாற்று ஆசிரியையாக அவள் வேலைக்கு வர ஆரம்பித்து இது இரண்டாவது குளிர்காலம். அதற்கு முன் இருபது வருடம் ஒரு விதைக் கம்பெனியில் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பள்ளிக்கூடங்களில் பெயரைப் பதிந்து வைத்தாள். இந்த வேலைக்கென்று அவளே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. ஊருக்குப் போனவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்வது மாதிரி வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியை இடம் மாற்றக் கூடாது. செடிக்கு அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சாயங்காலம் வெளியேறும்போது வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த விதியை ஒரே ஒரு தடவை மீறி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். போன வருடம் வேறொரு பள்ளியில், வேலியோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆளைக் கண்டு பயந்து அலுவலகத்துக்கு ஃபோன் செய்துவிட்டாள். பிள்ளைகளை எல்லாம் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். கடைசியில் பார்த்தால் அவர் பள்ளியை நிர்வகிக்கும் போர்டின் தலைவர். கூரையில் பனிக்கட்டி தொங்குகிறதா என்று பார்க்க வந்தவராம். அவள் கணவன் டுவைட் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டினான். அந்தப் பள்ளியிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை.

இன்று வியாழக்கிழமை. திருமதி பெல்டனுக்கு முழங்காலில் சின்ன ஆபரேஷன். இன்றும் நாளையும் இரண்டாம் வகுப்பு ரொவீனாவின் பொறுப்பு. கோப்பில் மற்ற எல்லாமும் இருந்தது. யாருக்கு வேர்க்கடலை ஆகாது, மீனுக்கு எத்தனை சிட்டிகை தீனி, பென்சில் சீவும் இயந்திரத்தில் யாரை விடக் கூடாது. வாரத்துக்கு ஒருவராகப் பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்த பட்டியலும் இருந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: "கதவு பிடிக்கிறவர் கடைசி ஆள் வெளியே போகும்வரை கதவை விடக் கூடாது. அதனால் அந்த வேலையைக் கார் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுப்பேன். அவர்கள்தான் கடைசியில் போகிறவர்கள்." ரொவீனா அதையும் படித்தாள். படித்த கையோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

கதவருகே ஆணியடித்து மாட்டியிருந்த நீல அட்டையில், வீட்டுக்குப் போகும் விதத்துக்கு ஒன்றாக மூன்று வரிசைகள். பஸ், கார், நடை. துணி மாட்டும் மரக் கிளிப்புகளில் ஆளுக்கொரு பெயர் எழுதி அந்தந்த வரிசையில் செருகியிருந்தது. வீட்டிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் டீச்சர் கிளிப்பை மாற்றுவார், பிள்ளைகள் தொடக் கூடாது என்று அதற்கும் குறிப்பு இருந்தது.

மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. ரொவீனா ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டு திரும்பினாள். வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அட்டைக்கு நேர் கீழே ஒரு குட்டி நாற்காலி கிடந்தது. அவள் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கிளிப் கீழ விழுந்துடுச்சு மிஸ். எடுத்து மாட்டினேன்" என்றாள், கேட்பதற்கு முன்பே.

ரொவீனா நன்றி சொன்னாள். சிறுமி நாற்காலியை இருந்த இடத்தில் பத்திரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்து நின்றாள். ஏழு வயது இருக்கும். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்து, முகத்துக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன.

"நீங்க மாற்று டீச்சர்தானே?"

"ஆமாம்மா. மிஸஸ் ஹால்வர்சன். உன் பேரு?"

"மேவிஸ். நீங்க சாயங்காலம் வரைக்கும் இருப்பீங்களா? இல்ல, நடுவுல மிஸஸ் பெல்டன் வந்துடுவாங்களா?"

"வர மாட்டாங்க. இன்னைக்கு முழுக்க நான்தான்."

மேவிஸ் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "எங்க அம்மாவ உங்களுக்குத் தெரியுமா? மளிகைக் கடைல பில் போடுவாங்க."

"இல்லையே, நான் பக்கத்து ஊரு. எங்க கடை வேற."

"நல்லது" என்றாள் மேவிஸ்.

ரொவீனாவுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது. இத்தனை நாளில் எத்தனையோ பிள்ளைகள் அவளிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றால் முகம் சுருங்கும், அம்மா எப்படி இருப்பாள் என்று வர்ணித்தாவது தெரியவைக்கப் பார்ப்பார்கள். தெரியாததற்குச் சந்தோஷப்பட்ட பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள். மேவிஸ் தன் பனிக்கோட்டைக் கழற்றி மாட்டினாள். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் கீழே இரவில் போட்டுக்கொள்ளும் சட்டையின் காலர். புத்தகப்பை ஜிப் மூட முடியாமல் புடைத்திருந்தது. டகோட்டா பக்கமிருந்து வீசும் காற்று ஜன்னல் சட்டத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து வீட்டில் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று ரொவீனா நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. பத்தொன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நினைக்க நேரமில்லை.

எம்மெட் என்று ஒருவன். ஒன்பது மணிக்குள் ஆறு புகார் கொடுத்துவிட்டான். ஒருத்தன் காகிதத்தை மெல்கிறான். ஒருத்தி அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். மிஸஸ் பெல்டன் தேதியை இடப்பக்கம்தான் எழுதுவார். மிஸஸ் பெல்டன் இந்தப் பாட்டை இவ்வளவு மெதுவாகப் பாட மாட்டார். ஒவ்வொன்றுக்கும் ரொவீனா சிரித்தபடி தலையாட்டினாள். பத்தாவது புகாருக்குச் சிரிப்பு தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் கதவு பிடிக்கிற வேலை மேவிஸுக்கு. சங்கீத வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் முதுகால் கதவை அணைத்து நின்று, கடைசி ஆள் தாண்டும்வரை ஒவ்வொரு தலையாக உதட்டுக்குள் எண்ணினாள். ரொவீனா கையில் புத்தகக் கட்டுடன் வருவதைப் பார்த்து, "மெதுவா வாங்க மிஸ். நீங்க போற வரைக்கும் நான் விட மாட்டேன்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி. ரொவீனாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

பத்தரை மணி இடைவேளைக்கு ரொவீனா மைதானத்தில் காவல் நின்றாள். கூட நின்றவர் மூன்றாம் வகுப்பு ஓக்ரின். நெட்டையான மனிதர், காதுவரை தொப்பியை இழுத்துவிட்டிருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சை பிக்கப் வண்டி நின்றது. கதவடியில் துரு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வெள்ளைப் புகை. யாரும் இறங்கவில்லை.

தெருவில் எந்த வண்டி போனாலும் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு கையசைப்பார்கள். பனி வாரும் வண்டிக்கு ஒரு கூட்டமே ஓடியது. மேவிஸ் மட்டும் கட்டடச் சுவரோரம், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரே ஒரு தடவை திரும்பினாள். கையுறை போட்ட கையை நெஞ்சுவரை தூக்கினாள். யாரோ வேண்டாம் என்று சொன்னது போல உடனே இறக்கிக்கொண்டாள்.

அந்த வண்டி யாருடையது என்று ரொவீனா ஓக்ரினிடம் கேட்டாள்.

"பாய்லர் ரிப்பேர்க்காரனா இருக்கும். நாலு நாளா நம்ம ஹீட்டிங் பாய்லர் கெழவன் மாதிரி இருமுது" என்றார் அவர். பிறகு அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஏன், மறுபடியும் போர்டு தலைவரோன்னு பாக்குறீங்களா?"

அந்தக் கதை இந்த ஊர்வரைக்கும் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ரொவீனாவின் காது சூடேறியது. அவரோடு சேர்ந்து சிரித்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். வண்டி போயிருந்தது. அது நின்ற இடத்தில் மட்டும் பனி உருகித் தரை கறுப்பாகத் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மேவிஸ் தன் அழிப்பான் பெட்டியைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பழம், நாய், ஐஸ்கிரீம் என்று விதவிதமான வடிவத்தில் முப்பது அழிப்பான்கள். அந்தப் பெண் நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். எடுத்துக்கோ, எனக்கு வேண்டாம் என்றாள் மேவிஸ். எம்மெட் உடனே வந்து இதையும் புகாராகச் சொன்னான். பள்ளியில் பொருளைக் கொடுத்து வாங்கக் கூடாதாம்.

பிறகு மேவிஸ் மீன் தொட்டியிடம் போனாள். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ரொவீனா அருகில் போனபோது, அவள் மீனிடம் பிரியாவிடை சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"என்னம்மா, நாளைக்குத்தான் மறுபடியும் பார்க்கப் போறியே?"

"மீனுக்கு யாரையும் ஞாபகம் இருக்காதாம் மிஸ். அதனால அதுக்குக் கஷ்டமா இருக்காதுன்னு அப்பா சொன்னாரு."

சொல்லி முடித்ததும் மேவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவளின் முகம். உடனே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கணக்குத் தாளைக் கைகளால் மறைத்துக்கொண்டாள்.

ரொவீனா தன் மேஜைக்குப் போனாள். கோப்பை எடுத்து மேவிஸின் பெயரைத் தேடினாள். ஒரே ஒரு வரி இருந்தது. "மேவிஸ்: முன்பல் ஆடுகிறது, டிஷ்யூ பெட்டி கிட்டத்தில் இருக்கட்டும்." ரொவீனா அந்த வரியைப் பார்த்தாள், பிறகு புதுப்பல் முளைத்த அந்த முகத்தைப் பார்த்தாள். கோப்பு ஆகஸ்டில் எழுதியது. இப்போது பிப்ரவரி முடியப் போகிறது.

சுவரில் இருந்த ஃபோனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. பனிப்புயல் வருகிறது என்று மதியம் செய்தி வந்ததிலிருந்து, பிள்ளைகள் எப்படி வீட்டுக்கு வருவார்கள் என்று கேட்டு ஊரே ஃபோன் செய்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. கிடைத்தால்தான் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒரு பிள்ளை அழிப்பானைக் கொடுத்துவிட்டது, மீனோடு பேசியது, இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறது. ஓக்ரின் சிரிப்பார், அலுவலகக் கிளார்க் கிளென்டா சிரிப்பாள், நாளைய வேலை போகும். ஃபோனை வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மணி பார்க்க இன்னும் சரியாகப் பழகாத வயது. பெரிய முள் நகரும்போதெல்லாம் விரலை மடக்கியது.

இரண்டு ஐம்பதுக்கு அட்டையைப் பார்த்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்தினாள். நடந்து போகிறவர்கள் முதலில், கிழக்கு வாசல் வழியாக. அவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. அடுத்தது பஸ். கடைசியில் கார். முன்வாசலில் கிளென்டா பட்டியலை வைத்துக்கொண்டு, வண்டியில் வந்தவர் யார் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு பிள்ளையையும் விடுவாள்.

நடை வரிசையில் மூன்று கிளிப். மூன்றாவது மேவிஸ்.

எம்மெட் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு எழுந்தும் நின்றுவிட்டான். "மிஸ், மேவிஸ் நடந்து போறவ இல்ல. அவ கார்."

"இன்னைக்கு நடைதான். கிளிப்பப் பாருங்க மிஸ்" என்றாள் மேவிஸ். குரல் நடுங்கவே இல்லை.

"பொய் மிஸ். எப்பவும் என் பக்கத்துலதான் நிப்பா."

ரொவீனா அட்டையிடம் திரும்பினாள். கிளிப்பைப் பார்த்தாள். கோப்பின் கட்டம் கட்டிய வரிகள் கண்முன் வந்தன. காலையிலிருந்து எம்மெட் கொடுத்த இருபத்தைந்து புகாரும் வந்தன.

"எம்மெட், உன் வரிசைய நீ பாரு" என்றாள்.

நடப்பவர்கள் மூன்று பேரும் வெளியேறினார்கள். வாசலில் மேவிஸ் நின்று, அன்றைக்கெல்லாம் பிடித்திருந்த அந்தக் கதவை ஒரு தடவை தொட்டாள். பிறகு புடைத்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓடாமல், ஓடாமலிருக்க ரொம்ப முயன்றுகொண்டு நடந்தாள்.

வாசலிலேயே தயாராக நின்ற பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ரொவீனா உடனே திரும்பினாள். கார் பிள்ளைகள் ஆறு பேர் வகுப்புக்குள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வரச் சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பின்னால் கனமான கதவு தானாக வந்து எம்மெட்டின் தோளில் இடித்தது.

"கதவு பிடிக்க ஆளில்ல" என்றான் எம்மெட். இந்தத் தடவை அது புகார் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

ரொவீனா அப்படியே நின்றாள். அந்த வேலையைக் கார் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுப்பேன். அவர்கள்தான் கடைசியில் போகிறவர்கள். காலையில் படித்த வரி, காபி கோப்பை, நாற்காலியிலிருந்து இறங்கிய சிறுமி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவள்மேல் விழுந்தன. அதே சமயம் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் கிளென்டாவின் குரல் கேட்டது. இரண்டாம் வகுப்பு மேவிஸை அனுப்பவும், அம்மா வந்து காத்திருக்கிறார்.

"எம்மெட், எல்லாரையும் கூட்டிட்டு மிஸ்டர் ஓக்ரின்கிட்ட போ. மேவிஸ் கிழக்கு வாசல் வழியா போயிட்டான்னு அவர்கிட்ட சொல்லு. ஓடு" என்றாள். கோட்டு இல்லாமல், உள்ளே போடும் மெல்லிய செருப்போடு கிழக்கு வாசலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பனி விழ ஆரம்பித்திருந்தது. தெருமுனை வெள்ளையாக மங்கியிருந்தது. மூடிக் கிடந்த தீவனக் கடைக்கு முன்னால் அந்தப் பச்சை வண்டி நின்றது. ஒரு பக்கக் கதவு திறந்திருந்தது. புத்தகப்பை ஏற்கெனவே உள்ளே ஏறிவிட்டது. அதன் பக்கத்தில் ஒரு குழந்தைத் தலையணை, ரோஸ் நிறத்தில், கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல். மேவிஸ் ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்தவன் முப்பது வயதுக்காரன். ஷேவ் செய்து, முடியைத் தண்ணீர் வைத்து வாரியிருந்தான். பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ரொவீனாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

இருபது அடி இருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. கத்தினால் அவன் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்தப் பிள்ளையிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூச்சை அடக்கி, வகுப்பில் கூப்பிடும் அதே சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

"மேவிஸ். இன்னும் ஆறு பேரு உள்ள இருக்காங்க. கதவு பிடிக்க ஆளில்ல. எம்மெட்டுக்குத் தோள்ல அடிபட்டுடுச்சு."

மேவிஸ் திரும்பினாள். அந்த முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது, பிறகு வெட்கம்.

"ஏறும்மா. குளிருது பாரு" என்றான் அவன் மெதுவாக.

"கடைசி ஆள் போற வரைக்கும் விட மாட்டேன்னு சொன்னே. என்கிட்ட சொன்னேல்ல?" என்றாள் ரொவீனா. பேசிக்கொண்டே நடந்தாள். பனி செருப்புக்குள் ஏறியது.

"ஒரே நிமிஷம்ப்பா. கதவ மட்டும் பிடிச்சுட்டு வந்துடறேன்."

"மேவிஸ்."

"என் வேலைப்பா அது."

அவள் கையை உருவிக்கொண்டு படியிலிருந்து இறங்கினாள். அந்த இருபது அடியைப் பனியில் கால் புதையப் புதைய ஓடி வந்தாள். ரொவீனா அவள் கையுறையைப் பற்றித் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவன் துரத்தவில்லை. வண்டிக் கதவில் கையூன்றி நின்றான்.

"நான் ஒண்ணும் இழுத்துட்டுப் போகல. அவளேதான் நடந்து வந்தா. அத எழுதிக்கங்க" என்றான். "நீங்க யாரு?"

"இன்னைக்கு அவ டீச்சர்."

"இன்னைக்கு" என்று அவன் திருப்பிச் சொன்னான். கோபமே இல்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பவன் மாதிரி. "மிஸஸ் பெல்டன் ஆகஸ்டுலேருந்து ஒருநாள்கூட லீவு போடல தெரியுமா? நானும் பொறுமையாத்தான் இருந்தேன். இனியும் இருப்பேன்."

தெருக்கோடியில் ஓக்ரின் தொப்பியில்லாமல் ஓடிவருவது தெரிந்தது. அவன் வண்டியில் ஏறினான். புத்தகப்பையை எடுத்துப் பனியில் வைத்தான், எறியவில்லை, நிமிர்த்தி வைத்தான். தலையணையைத் தன்னோடேயே வைத்துக்கொண்டான்.

கிழக்கு வாசலில் மேவிஸ் கதவை முதுகால் அணைத்து நின்றாள். ஆறு பேரும் முன்வாசல் வழியாகப் போய்விட்டார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரொவீனா உள்ளே நுழைந்தாள், ஓக்ரின் நுழைந்தார். மேவிஸ் எண்ணிப் பார்த்தாள், ஆள் குறைந்தது. தெருமுனையைப் பார்த்தாள், வண்டி இல்லை. கதவு வெறும் சாக்குதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எங்க அம்மாவத் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றாள் ரொவீனாவிடம்.

"காலைல தெரியாதும்மா."

மேவிஸ் கதவிலிருந்து முதுகை எடுத்தாள், அது தானாக மூடிக்கொண்டது.

அலுவலகத்தில் கிளென்டா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். கோர்ட்டு உத்தரவு. அக்டோபர் மாதத்துத் தேதி. அப்பா பள்ளிப் பக்கமே வரக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை ஃபோனில் பேசலாம். திருமதி பெல்டனுக்கு இது மனப்பாடமாகத் தெரியும். யாருக்கும் அதைச் சிவப்புக் கோப்பில் வைக்கத் தோன்றவில்லை. வியாழனும் வெள்ளியும் டீச்சர் வர மாட்டார் என்று செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போன கடிதத்தை மேவிஸ் அன்று ராத்திரியே ஃபோனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். கிளிப்பை மாற்றச் சொன்னவர் அவர்தான். மாற்று டீச்சருக்கு உன்னைத் தெரியாது, அவங்க கிளிப்பைத்தான் பார்ப்பாங்க என்றாராம்.

ஷெரிஃபின் போலீஸ்காரர் வரும்வரை கிளம்ப வேண்டாம் என்று மேவிஸின் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கடைச் சீருடைக்கு மேல் கோட்டு மாட்டியபடி, பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகப்பை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று ஜோடி காலுறை. பல் துலக்கும் பிரஷ். லைப்ரரி புத்தகம். அடியில் அம்மாவுடைய ஃபோட்டோ ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்தது, பின்னால் காந்தம் ஒட்டியபடியே. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. ரொவீனா பக்கத்தில் முழங்காலிட்டு அவள் தோளில் கை வைத்தாள். அம்மா தலையை ஆட்டினாள், எதற்கென்று தெரியாமல்.

ரொவீனா வகுப்புக்குத் திரும்பி மேஜையைத் துடைத்தாள், மீனுக்கு இரண்டு சிட்டிகை போட்டாள். டீச்சருக்கு எழுதி வைக்க வேண்டிய தாளை எடுத்து நடந்ததையெல்லாம் எழுதினாள். எம்மெட் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டாள். பிறகு அட்டையிடம் போய் மேவிஸின் கிளிப்பை நடையிலிருந்து காருக்கு மாற்றினாள். விரலை எடுக்க மனம் வரவில்லை. எவ்வளவு சுலபமாக வருகிறது, எவ்வளவு சுலபமாகப் போகிறது.

நாளைக்கு வர முடியுமா, இல்லை வேறு யாரையாவது பார்க்கட்டுமா என்று கிளென்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான்தான் வருவேன் என்றாள் ரொவீனா.

டுவைட் வண்டியின் ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தான். அவளுடைய நனைந்த காலைப் பார்த்துவிட்டு ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவன், முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவள் பாதத்தைச் சுற்றிவிட்டான். ஷெரிஃபின் வண்டி எதிரே வந்து பள்ளிக்குள் திரும்பியது. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள் ரொவீனா.

ஊர் எல்லையில், தானியக் கிடங்கைத் தாண்டும் இடத்தில், எதிர்ப்பக்கமிருந்து ஒரு வண்டி பனிக்குள்ளிருந்து வந்தது. விளக்கு போட்டிருந்தது, மெதுவாக வந்தது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் தெரிந்தவர் தெரியாதவர் என்றெல்லாம் கிடையாது, எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார், நாமும் தூக்க வேண்டும். அந்த வண்டிக்காரன் இரண்டு விரலைத் தூக்கினான். டுவைட்டும் பழக்கத்தில் இரண்டு விரலைத் தூக்கினான்.

பச்சை பிக்கப். கதவடியில் துரு. பக்கத்து இருக்கையில் ரோஸ் நிறத்தில் ஒரு தலையணை, அதன்மேல் சீட் பெல்ட் போட்டிருந்தது.

"யாரு அது? உனக்குத் தெரிஞ்சவரா?" என்றான் டுவைட்.

ரொவீனா திரும்பிப் பார்த்தாள். சிவப்பு விளக்கு இரண்டும் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவசரமில்லாமல்.

அவள் ஃபோனை எடுத்துப் பள்ளியின் எண்ணை அழுத்தினாள். "வண்டியத் திருப்பு டுவைட், ஸ்கூலுக்கே போகணும்" என்றாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கே என்னைக் கொண்டு விடணும். யாரும் வர்றதுக்கு முன்னாடி நான் அந்தக் கதவுகிட்ட இருக்கணும்."